கணவாயில் மல்லாட்டை

எங்கள் பஸ்ஸில் அவருக்கு ஜப்பான் மேடம் என்று பெயர். உண்மைப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். "நான் இத்தினி வருஷமா படிச்சிக்கினு இருக்கிற அந்தம்மாவுக்கே பேரு கிடையாது, எனக்கு என்னாத்துக்கு?" என்று வைத்துவிட்டார். அந்தம்மா யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு விழுப்புரத்தில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அவர் கோலியனூரிலிருந்து வந்து, அதே பஸ்ஸைப் பிடித்து, திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரிக்கு இங்கிலீஷ் சொல்லித்தரப் போவார். நூல் புடவை, அதற்குக் கீழே கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு துணிப்பை. அந்த ஷூவைப் பார்த்து நாங்கள் சிரிக்காத நாள் கிடையாது.

முதன்முதலில் அவர் என்னிடம் பேசியது ஒரு செப்டம்பர் மாதம். விழுப்புரத்திலிருந்து எங்கள் சர்ச் பங்குக் கூட்டத்தோடு வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்விட்டு வந்திருந்தேன். இரண்டு பாதத்திலும் கட்டு. ரப்பர் செருப்பைக்கூடப் போட முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "மாதா கிட்ட என்னா வேண்டிக்கின?" கல்யாணமா, வேலையா, வீடா என்று அவர்களே பட்டியல் போட்டார்கள். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம். கால் வலியில் அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த இவர் மட்டும் என் காலைப் பார்த்துவிட்டு, "மொதல் கொப்புளம் எந்த ஊர்ல வந்துது?" என்றார்.

"என்னாது?"

"மொத கொப்புளம்மா. எந்த எடத்துல?"

லூசா இந்தம்மா என்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் தானாகப் பதில் சொன்னது. "சிதம்பரத்துக்கு முன்னாடி. ஒரு பெட்ரோல் பங்க் தாண்டி. எடது காலு, சுண்டு வெரலுக்குப் பக்கத்துல." உடனே பையிலிருந்து நீள நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அங்கே யாராவது தண்ணீர் கொடுத்தார்களா, எந்தப் பக்கத்து நிழலில் உட்கார்ந்தேன், கூட வந்தவர்கள் நின்றார்களா, போய்விட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தர்பூசணி வெட்டிக் கொடுத்த பாய் ஒருவரை நான் மறந்தே போயிருந்தேன். திண்டிவனம் வருவதற்குள் ஏழு நாள் நடையையும் திரும்ப நடந்து முடித்திருந்தேன். வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதுதான் அவர். எங்கே போகிறாய் என்று யாரையும் கேட்டதில்லை. வழியில் என்ன என்றுதான் கேட்பார்.

டிக்கெட் எப்போதும் திண்டிவனத்துக்கே எடுப்பார். ஆனால் வாரத்தில் ஒரு நாள் முண்டியம்பாக்கத்திலோ விக்கிரவாண்டியிலோ கூட்டேரிப்பட்டிலோ பாதியில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து, அடுத்த பஸ்ஸில் வருவார். கண்டக்டர் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். "மேடம், நீங்க காலேஜிக்குப் போறீங்களா, ஊர்கோலம் போறீங்களா?"

"ரெண்டும்தாம்பா" என்பார் இவர், படியில் இறங்கிக்கொண்டே.

ஒரு நாள் விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. வேறு பஸ் வரும்வரை எல்லாரும் வெயிலில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். "பேஜாரு புடிச்ச வண்டி" என்று நானும் என் பங்குக்குத் திட்டினேன். மேடம் முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுக் களை. மஞ்சள் பையோடு ஓரமாக நின்ற ஒரு பெரியவரிடம் போய் நின்றார். மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகளைச் சமாதானம் பண்ணக் கிளம்பியவர் அவர். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாராம். அத்தனையும் மேடமிடம் கொட்டினார். மாற்று பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்து, "பொண்ணு கிட்ட பேசிட்டு வந்துட்ட மாரி இருக்குதும்மா" என்றார். மேடம் நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

அவர் வீட்டுக்கு ஒரு முறை போனேன். அவருடைய அம்மாவுக்கு ஊசி போட ஆள் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். வலது பக்கம் வாதத்தில் விழுந்துபோய், பேச்சும் குழறி, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார் அவர் அம்மா. சுவரெல்லாம் புத்தகம். லேப்டாப்பில் ஏதோ புழு ஊர்ந்தாற்போல ஒரு எழுத்து. "இது முந்நூறு வருஷத்துக் கையெழுத்து. இப்ப ஜப்பான்ல இருக்கிறவங்கள்லயே நெறையப் பேருக்குப் படிக்க வராது" என்றார். உங்களுக்கு வருமா என்றேன். "மொதல்ல ஒரு பக்கத்துக்கு ஒரு மாசம் ஆச்சி. இப்ப ஒரு நாளு" என்றார்.

மேடம் டெல்லியில் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்தக் காலத்து ஜப்பானில் விவசாயி, வியாபாரி, வீட்டுப் பெண்கள் என்று எல்லாருக்கும் பயணப் பைத்தியம் பிடித்திருந்ததாம். வைக்கோல் செருப்பைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் நடந்திருக்கிறார்கள். எந்த ஊரில் என்ன சாப்பிடலாம், எந்தச் சத்திரத்தில் தங்கலாம் என்றெல்லாம் சொல்லும் வழிகாட்டிப் புத்தகங்கள் அப்போதே இருந்திருக்கின்றன. எல்லாராலும் போக முடியாதில்லையா, அதனால் ஊரே சேர்ந்து சீட்டுக் குலுக்கி ஒருத்தரை அனுப்பும். போகிறவர் ஊருக்காகப் போவார். அவர் நடந்தால் ஊரே நடந்த மாதிரி. "நம்ம சீட்டு மாரிதான். எடுத்தவன் செலவு பண்ணாம நடக்கணும், அவ்ளோதான்" என்று சிரித்தார்.

அப்படி நடந்தவர்களில் ஒருத்திதான் நான் முதலில் சொன்ன அந்தம்மா. ஒரு எண்ணெய் வியாபாரியின் மனைவி. போன வழியை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறாள். அதில் பெயர் இல்லை. "எண்ணெய்க்காரர் வீட்டம்மா" என்று மட்டும் அட்டையில் யாரோ எழுதியிருக்கிறார்கள். மேடத்தின் மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு குறிப்பேட்டுக்குள் இருந்தது. அதிலும் ஒரு கணவாயைக் கடக்கும் நாலு பக்கத்துக்குள் இருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

விஷயம் இதுதான். அந்த நாலு பக்கமும் அப்போதைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதியது. அதனால் பெரிய பெரிய அறிஞர்கள் எல்லாம், அவள் அந்தக் கணவாயைக் கடக்கவே இல்லை, பாதியில் திரும்பிவிட்டாள், கதை விட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் சோதனைச் சாவடியைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். அது கிடைக்காதவர்கள் சாவடியைச் சுற்றிக்கொண்டு ஒரு காட்டுப் பாதையில் போவார்கள். பிடிபட்டால் தண்டனை. அவளும் அப்படித்தான் போயிருக்கிறாள், அதை எழுத முடியாமல் பெரிய சாலையைப் பற்றிப் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டாள் என்பது மேடத்தின் கட்சி. ஆதாரம் ஒரே ஒரு வரி: "இறக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, தண்ணீர் தெரியவில்லை." இந்த வரி எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லை. பெரிய சாலையில் ஓடையும் இல்லை. காட்டுப் பாதையில் அந்தச் சத்தம் கேட்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

"அப்ப போய்ப் பாக்கறதுதானே மேடம்?" என்றேன், ஏதோ பக்கத்திலிருக்கும் மயிலம் போய்விட்டு வருவதைப் போல.

அவர் அம்மாவின் கட்டிலைப் பார்த்தார். ஒரு தடவை எல்லாம் தயாராகியிருந்தது. பாஸ்போர்ட், பணம் கொடுக்கும் கல்வி நிறுவனம், டிக்கெட். கிளம்புவதற்கு ஆறு நாள் முன்பு அம்மா குளியலறையில் விழுந்தார். ஒரு வருஷம் தள்ளிப் போகலாம் என்று நினைத்தாராம். அது பதினாறு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கருத்தரங்கில் ஒருத்தர் எழுந்து, போகாதவளுக்காகப் போகாதவர் வாதாடுகிறார் என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அதைச் சொல்லும்போது அவரும் சிரித்தார். எனக்குத்தான் அந்த ஆளைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் போல இருந்தது.

மாதா என் வேண்டுதலைக் கேட்டாள். சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஜப்பானிய மொழி படித்து, பரீட்சை எழுதி, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு எனக்கு ஜப்பானில் இடம் கிடைத்தது. மேடமுக்கு விஷயம் சொன்னபோது கையைப் பிடித்துக்கொண்டார். நான் போகும் ஊரின் பெயரைக் கேட்டார். அங்கிருந்து அந்தக் கணவாய் ரயிலில் இரண்டு மணி நேரம்.

"எனக்குப் பதிலா நீ போறியா?" என்றார். "அவசரம் கெடையாது. லீவு கெடைக்கும்போது. ஆனா நடக்கணும். என்னா பாத்த, என்னா கேட்ட, எல்லாத்தையும் கையால எழுதி அனுப்பு. போன்ல வேணாம்." முன்பு சொன்ன தண்ணீர்ச் சத்தத்தை அன்றைக்கு அவர் நினைவுபடுத்தவில்லை. அதை நான் அங்கே தேடிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகத்தான் சொல்லவில்லை என்று பிறகுதான் புரிந்தது.

போனேன். அங்கே வேலை என்றால் வேலை. இருபத்திரண்டு கிழடுகளைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி விட்டு அறைக்கு வந்தால் இடுப்பு என்னுடையதாக இருக்காது. முதல் குளிர்காலத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தது. கணவாய்க்குப் போக ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் பனி. எனக்கென்ன தலையெழுத்தா என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சும்மா படுத்திருந்தாலாவது பரவாயில்லை. மறுநாள் உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதினேன். மேப்பைப் பார்த்தேன், யார் யாரோ போட்ட படங்களைப் பார்த்தேன். மரம், கல், பாசி, பனி என்று அள்ளிப் போட்டேன். ஐந்தாவது பக்கத்தில், இறக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, தண்ணீர் தெரியவில்லை என்றும் எழுதினேன். பாவம், சந்தோஷப்படட்டுமே என்று மனசுக்குச் சமாதானம் வேறு. எங்கள் பக்கத்தில் திருவாமாத்தூர்க் கோயில் பாறையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் பண்ணினால் பாம்பு கொத்தும் என்பார்கள். ஜப்பானில் ஏது அந்தப் பாறை? தைரியமாகத் தபாலில் போட்டேன்.

பதிலுக்கு ஒரு அட்டை வந்தது. "வந்து சேர்ந்தது. ஊருக்கு வரும்போது பேசலாம்." அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் லீவில் வந்தபோது அவரோடு பழைய பஸ்ஸிலேயே திண்டிவனம் போனேன். கொண்டு வந்திருந்த இனிப்புப் பெட்டியைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வழக்கம்போலக் கேள்வி கேட்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவர் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றதும் ஜன்னல் பக்கம் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டு ஒரு அக்கா வந்தது. மேடம் ஒரு பொட்டலம் வாங்கிப் பிரித்து என் கையில் கொட்டினார்.

"சாப்ட்டுப் பாரு" என்றார். "அந்தக் கணவாய்ல விக்கிறதவிட நல்லா இருக்குதா?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஏழாவது பக்கத்தில், நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று, திரும்பி ஏறி வந்ததும் கணவாய் உச்சியில் ஒரு கிழவன் கூடையில் சூடாக மல்லாட்டை விற்றான், வாங்கிச் சாப்பிட்டேன் என்று எழுதியிருந்தேன். நாலு பேர் ஏறி இறங்குகிற இடத்தில் மல்லாட்டை விற்காமல் இருப்பார்களா என்று கை பாட்டுக்கு எழுதிவிட்டது. விழுப்புரத்துக்காரிக்கு வேறென்ன தோன்றும்?

"அங்க இப்ப யாருமே கெடையாது" என்றார் மேடம். "கரடி வரும்னு வழியில மணி கட்டி வச்சிருக்கான். போறவங்க அடிச்சிக்கினே போவணும். நீ ஒரு மணியும் அடிக்கல."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "அப்ப அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல மேடம்? நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்ல?"

"எதுக்குத் திட்டணும்? போவாமலே எழுதினவங்க அந்தக் காலத்துலயும் உண்டு. அவங்களையும் நான் படிச்சிருக்கேன். உன்னுதையும் அதுங்களோட சேத்து வச்சிட்டேன்." ஒரு மல்லாட்டையை உடைத்தார். உடைத்ததைச் சாப்பிடவில்லை. "ஆனா அஞ்சாம் பக்கம் படிச்சிட்டு அம்மா கிட்ட ஓடினேன். உரக்கப் படிச்சிக் காட்டினேன். அவங்க ஒரு கையால கட்டிலைத் தட்டினாங்க. அவங்களால அவ்ளோதான் முடியும். அப்புறந்தான் ஏழாம் பக்கத்துக்கு வந்தேன்."

அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. திண்டிவனத்தில் இறங்கும்போது, "மல்லாட்டை ஆறிடும், சாப்புடு" என்றார்.

அதற்கு அடுத்த பிப்ரவரியில் அவர் அம்மா காலமானார். ஜூனில் மேடம் ஜப்பானுக்கு வந்தார். விமான நிலையத்தில் அதே கான்வாஸ் ஷூ, அதே துணிப்பை. முந்நூறு வருஷத்து எழுத்தைப் படிக்கிறவருக்கு ஒரு டீ வாங்கத் தெரியவில்லை. பேசியதெல்லாம் ராஜா காலத்துப் பேச்சு. கடைக்காரப் பெண் பயந்துபோய்க் குனிந்து கும்பிட்டுவிட்டாள். எங்கள் முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே தொண்ணூற்றிரண்டு வயதுத் தாத்தா ஒருத்தர் இவர் பேச்சைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் எந்த ஊருக்கு நடந்து போனார், எங்கே கால் வலித்தது என்று மேடம் கேட்க, இரண்டு பேருக்கும் நடுவில் நான் மொழிபெயர்த்துச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது.

மறுநாள் கணவாய். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. முதல் மணி வந்ததும் மேடம் என்னைப் பார்த்தார். ஓங்கி அடித்தேன். சாவடி இருந்த இடத்தில் ஒரு கல் மட்டும் இருந்தது. அதற்கு முன்னாலேயே பிரிகிற காட்டுப் பாதையில் ஏறினோம். ஏறும்வரை நன்றாகத்தான் ஏறினார். உச்சியில் ஒரு பழைய மரப் பெஞ்சு. அதில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"முட்டி புடிச்சிக்கிச்சி" என்றார். இரண்டு முறை எழுந்து பார்த்தார். வழி அங்கிருந்து செங்குத்தாக இறங்கியது, ஈர வேரும் வழுக்குப் பாறையுமாக. ஐம்பத்தெட்டு வயது முட்டியை வைத்துக்கொண்டு இறங்கினால் திரும்பி ஏற முடியாது. எனக்கு நர்சு வேலை தெரியும், பார்த்ததுமே புரிந்தது. அவருக்கும் புரிந்தது. எத்தனை வருஷம் காத்திருந்து, எத்தனை கடல் தாண்டி வந்து, அரை மணி நேர இறக்கத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீ போய்ட்டு வா" என்றார்.

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினேன். இரண்டு தடவை சறுக்கி விழுந்தேன். ஒரு மணி இருந்தது, அடித்தேன். இன்னும் கீழே மூங்கில் அடர்ந்த ஒரு திருப்பம். அங்கே நின்றேன். முதலில் மழைத் தூறல்தான் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். காலுக்குக் கீழே எங்கேயோ, பாறைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எட்டி எட்டிப் பார்த்தேன். மூங்கில்தான் தெரிந்தது. எண்ணெய்க்காரர் வீட்டம்மா, நீ பொய் சொல்லலடி என்று வாய்விட்டே கத்தினேன். மாதாவே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு மேலே ஓடினேன்.

"கேக்குது மேடம்! தண்ணி தெரியல, சத்தம் கேக்குது! மூங்கில் திருப்பத்துல!"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இதே வார்த்தையை, இதே மாதிரி, ஐந்தாம் பக்கத்தில் எழுதி அனுப்பியவள் நான். மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெகார்டு பண்ணியிருக்கலாம். போன் பையில் இருந்தது. பை அவர் பக்கத்தில் இருந்தது.

"போனைக் குடுங்க மேடம், ஜல்தியா போய் ரெகார்டு பண்ணிக்கினு வர்றேன். நீங்க என்னை நம்ப வேணாம். ஊருக்குப் போனதும் திருவாமாத்தூர்ப் பாறையில வேணா கை வச்சிச் சத்தியம் பண்றேன்."

"கிறிஸ்துவப் பொண்ணு, அந்தப் பாறையில உனக்கு என்னா வேல? ஒக்காரு."

உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. அவர் நீள நோட்டை எடுத்து, ஈரம் படாமல் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு திறந்தார்.

"கால் எங்க வலிக்குது?"

"எடது கணுக்கால். அந்தப் பெரிய வேர்ல மாட்டி..." கேவிக் கேவி அழுதேன்.

அவர் எழுதினார். எந்த வேர், எந்தப் பக்கம் விழுந்தேன், மணி எத்தனை தடவை அடித்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியில் ஒரு வரி. தலைகீழாகத்தான் படித்தேன். "மூங்கில் திருப்பத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது."

"நீங்க எறங்கி வந்து அந்தச் சத்தத்தக் கேக்கவே இல்லியே மேடம்" என்றேன்.

நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

"அதான் நீ போய்ட்டு வந்துட்டியே" என்றார்.